ஜொள்ளு வடிஞ்சா எல்லாம் பல்லு இல்ல சார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க பேப்பர்ல வர்ற குழந்தை நலப் பக்கத்தை விடாம படிக்கிற ஆளு நான். ரிட்டையர் ஆகி வீட்ல இருக்கேன், மகளும் மாப்பிள்ளையும் வேலைக்குக் கிளம்பிட்டா பேரனைப் பாத்துக்கறது நானும் என் வீட்டுக்காரம்மாவும்தான், அதனால அந்தப் பக்கம் எனக்கு பொழுதுபோக்கு இல்ல, டூட்டி. போன வாரம் அதுல ஒரு வரி வந்துச்சு. குழந்தைக்கு வாயில எச்சில் வழிஞ்சா பல் முளைக்கப் போகுதுன்னு அர்த்தம், அப்போ காய்ச்சலும் பேதியும் வர்றது சகஜம், பயப்பட வேண்டாம்னு போட்டிருந்தீங்க. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்த லெட்டர். கொஞ்சம் நீளமா போகும், இடம் பத்தலன்னா முன்பாதியை வெட்டிக்கங்க, பின்னாடி ஆபத்து பத்தி எழுதியிருக்கறதுல மட்டும் கை வைக்காதீங்க.

பேரனுக்கு ஜொள்ளு ஆரம்பிச்சது மூணாவது மாசம். இதுக்கு எங்க வீட்ல ஆளுக்கு ஒரு பேரு, வீட்டுக்காரம்மா வாணி வடியுதும்பா, மகள் டிரூலிங்ம்பா, நான் ஜொள்ளுன்னுதான் சொல்லுவேன், அந்த வார்த்தையை காலேஜ் பசங்க வேற அர்த்தத்துக்கு இழுத்துட்டுப் போயிட்டாங்க, அதுக்கு நான் என்ன பண்றது. வீட்டுக்கு வந்தவங்க எல்லாரும் ஈறைத் தடவிப் பாத்துட்டு "பல்லு வருது"ன்னாங்க. நாலாவது மாசமும் பல்லு வருது, ஆறாவது மாசமும் பல்லு வருது, எட்டாவது மாசமும் இதோ வந்துருச்சு. முதல் பல்லு எட்டிப் பாத்தது பதினோராவது மாசம் சார். எட்டு மாசம் பல்லு மேல பழியைப் போட்டுட்டே ஓட்டியிருக்கோம்.

நான் வேலை பாத்தது குடிநீர் பம்ப் ஹவுஸ்ல. தொட்டி வழிஞ்சா ரெண்டே காரணம்தான், ஒண்ணு வரத்து ஜாஸ்தி, இல்ல போக்கு சரியில்ல. குழந்தை டாக்டர்கிட்ட இதை இப்படியே கேட்டேன், அந்தம்மா சிரிச்சிட்டு "ரெண்டும்தான் ஐயா, ஆனா முக்கால்வாசி போக்குதான்"னாங்க. அந்தப் பதில் எனக்கு அப்படியே பிடிச்சுப் போச்சு, அதுக்கப்புறம் கிடைச்சதை எல்லாம் படிச்சேன்.

எச்சில் குடுக்கிற பெரிய சுரப்பி 3 ஜோடி இருக்கு, காதுக்கு முன்னாடி ஒண்ணு, தாடைக்கு அடியில ஒண்ணு, நாக்குக்கு அடியில ஒண்ணு, இது போக உதடு, கன்னம், அண்ணம்னு நூத்துக்கணக்குல குட்டிச் சுரப்பிங்க. பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டர்ல இருந்து ஒன்றரை லிட்டர் வரைக்கும் ஊறுமாம். அவ்வளவையும் நம்ம தெரியாமலே முழுங்கிட்டே இருக்கோம், அதனாலதான் சட்டை நனையறதில்ல. முழுங்கறது லேசுப்பட்ட வேலை இல்ல, உதடு மூடணும், நாக்கு பின்னாடி தள்ளணும், சரியா அந்த நேரம் பாத்து மூச்சுக்குழாய் வாசல் அடைபடணும், மூளையில இருந்து வர்ற 5 ஜோடி நரம்பு ஒண்ணு சேந்து பாக்கற வேலை அது. கைக்குழந்தைக்கு பால் குடிக்கிறப்போ முழுங்க நல்லாவே தெரியும், ஆனா சும்மா இருக்கறப்போ வாயில ஊறினதைச் சேத்து முழுங்கற பழக்கம் இன்னும் வந்திருக்காது. ரெண்டு மூணு மாசத்துல சுரப்பி நல்லா வேலை செய்ய ஆரம்பிக்குது, அதே சமயம்தான் குழந்தை கையை வாய்க்குள்ள போடக் கத்துக்குது, வாய்க்குள்ள எது போனாலும் எச்சில் இன்னும் கூட ஊறும். வாய் திறந்தே இருக்கு, முன்னாடி தடுக்க பல்லு இல்ல, தலை வேற முன்பக்கம் சாயுது, வழியாம என்ன பண்ணும்.

பல்லுக்கும் ஜொள்ளுக்கும் சம்பந்தமே இல்லன்னு நான் சண்டைக்கு வரல. பல்லு ஈறை முட்டிட்டு வர்ற சில நாள்ல கூடத்தான் வடியும், ஈறு தடிச்சு இருக்கும், நைநைன்னு இருக்கும், உடம்புச் சூடு ஒரு இழை ஏறலாம். ஆனா 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட் தொட்டா அது காய்ச்சல், பல்லு காய்ச்சலைக் கொண்டு வராது, பேதியையும் கொண்டு வராது. அந்த வயசுல பாத்ததை எல்லாம் வாயில போடறதால கிருமி உள்ள போகுது, அம்மாகிட்ட இருந்து வந்த எதிர்ப்பு சக்தியும் குறைஞ்சுட்டு வர்ற நேரம், காய்ச்சல் அதுல வருது, பல்லும் தற்செயலா அதே மாசத்துல வந்து மாட்டிக்குது. மூணு மாசம்கூட ஆகாத பச்சக் குழந்தைக்கு 100.4 வந்தா எந்தக் காரணமும் யோசிக்காம நேரா டாக்டர்கிட்ட போயிடணும்.

எச்சில் அழுக்குத் தண்ணியும் இல்ல. கிருமியை எதிர்க்கிற புரதம் அதுல இருக்கு, சாப்பாட்டைக் குழைச்சு இறக்கி விடுது, பல்லு வந்தப்புறம் அதைக் காவல் காக்கறதும் அதுதான். அதனால நல்லா பால் குடிச்சு, எடை ஏறி, சிரிச்சு விளையாடற குழந்தைக்கு ஜொள்ளை நிறுத்த மருந்து கேட்டு யாரும் அலைய வேண்டாம். பெரும்பாலும் ஒன்றரை வயசுல இருந்து 2 வயசுக்குள்ள தானா அடங்கிடும், அதுக்கப்புறமும் கிரேயானை வச்சு தீவிரமா கிறுக்கறப்போ, சளி பிடிச்சு மூக்கு அடைச்சிருக்கறப்போ ரெண்டு சொட்டு விழும், அதெல்லாம் கணக்கு இல்ல.

செய்ய வேண்டியது தோலைக் காப்பாத்தறதுதான், அதுலதான் நான் கோட்டை விட்டேன்.

என் தோள்ல எப்பவும் ஒரு டவல் கிடக்கும். வடிஞ்ச உடனே அதோட ஓரத்தைப் பிடிச்சு இந்தக் கன்னத்துல இருந்து அந்தக் கன்னம் வரைக்கும் ஒரே இழுப்பு, ஒரு நாளைக்கு நாப்பது அம்பது தடவையாவது இருக்கும், எனக்கு அதுல ஒரு பெருமை வேற, பேரன் மூஞ்சி எப்பவும் பளிச்சுன்னு இருக்குன்னு. பத்து நாள்ல உதட்டுக்குக் கீழ, தாடை முழுக்க செவந்து சொரசொரன்னு பொரிப்பொரியா வந்துருச்சு, பால் பட்டா எரிச்சல்ல மூஞ்சியைத் திருப்பிக்கறான். நான் ஜொள்ளு ஜாஸ்தியா இருக்கறதால வந்த புண்ணுன்னு நினைச்சு இன்னும் அழுத்தித் துடைச்சேன். மகள் ஒரு ஞாயித்துக்கிழமை பக்கத்துல உக்காந்து பாத்துட்டு "அப்பா, தரை துடைக்கிற மாதிரி துடைக்காதீங்க, ஒத்தி எடுங்க"ன்னா. அவ்வளவுதான் விஷயமே. தோல் நாள் முழுக்க ஈரத்துல ஊறி இளகிப் போகுது, எச்சில்ல சாப்பாட்டைக் கரைக்கிற சமாச்சாரம் இருக்கு அது வேற தோலை அரிக்குது, அது மேல நம்ம டவலைப் போட்டு தேய்ச்சா மேல்தோல் என்னத்துக்கு ஆகும். அதுவும் இல்லாம உதட்டைச் சுத்தி தேய்ச்சுட்டே இருந்தா எச்சில் இன்னும் கூட ஊறும்னு பேச்சுப் பயிற்சி குடுக்கிறவங்க சொல்றாங்க, மெதுவா அழுத்தி ஒத்தினா அந்தத் தொந்தரவு இல்ல.

அதுக்கப்புறம் டவலைத் தூக்கிப் போட்டுட்டு பழசாகி மெத்துன்னு ஆன காட்டன் துணிக்கு மாறினோம். காலைல ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, சாப்பிட்டு வழிச்சிக்கிட்டா ஒரு தடவை, வெதுவெதுப்பான தண்ணியில நனைச்ச துணியால மூஞ்சியை ஒத்திக் கழுவறது, வாசனை சோப்பு, வாசனை வைப்ஸ் எதுவும் கிடையாது. நல்லா காய விட்டு பெட்ரோலியம் ஜெல்லி ஒரு மெல்லிசு பூச்சு, தூங்கறதுக்கு முன்னாடி ஒண்ணு, ஊட்டறதுக்கு முன்னாடி ஒண்ணு. தொட்டிக்குள்ள கசிவுக்கு கோட்டிங் அடிக்கிறப்போ சுவத்துல ஈரம் இருந்தா ஒட்டாது, உரிஞ்சிட்டு வந்துரும், இதுவும் அதே கதைதான், ஈரத்து மேல பூசினா ஈரத்தை உள்ள வச்சு மூடின மாதிரி ஆயிடும், அதனால காயறதுக்கு அந்த ஒரு நிமிஷம் பொறுமையா இருக்கணும், பேரன் அந்த ஒரு நிமிஷம் சும்மா இருக்க மாட்டான் அது வேற விஷயம். ஒரு வாரத்துல தோல் பழையபடி ஆயிடுச்சு.

கழுத்து மடிப்பு தனிக் கதை. கைக்குழந்தைக்கு கழுத்தே தெரியாது, மூணு மடிப்பா இருக்கும். ஒரு நாள் குளிப்பாட்ட தூக்கறப்போ புளிச்ச பால் வாடை அடிச்சுது, தலையை லேசா பின்னாடி சாய்ச்சு மடிப்பைப் பிரிச்சா உள்ள மாவு மாதிரி வெள்ளையா படிஞ்சிருக்கு, அதுக்கு அடியில ரத்தச் செவப்பு. வடிஞ்சதும் கக்கின பாலும், வீட்டுக்காரம்மா ஆசையா போட்ட பவுடரும் சேந்து குழைஞ்சு உள்ளயே உக்காந்திருக்கு. டாக்டரம்மா பவுடரை முதல்ல நிறுத்தச் சொன்னாங்க, அது ஈரத்தோட சேந்தா கட்டி கட்டியா ஆயிடும், பறக்கறப்போ மூச்சுல போயி நுரையீரலுக்கும் கெடுதல்னாங்க. தினம் மடிப்பைப் பிரிச்சு தண்ணியால ஒத்தி, நல்லா உலர்த்தி விட்டாலே போதும்னாங்க. ஆனா செவப்பு பளபளன்னு அடர்த்தியா இருந்து, ஓரத்துல புள்ளி புள்ளியா தனித்தனி செவப்பு பரவியிருந்தா அது பூஞ்சைக் காளான், அதுக்கு வேற கிரீம். தேன் நிறத்துல பக்கு கட்டினா, இல்ல நீர் கோத்து கசிஞ்சா அது பாக்டீரியா, அதுக்கு வேற மருந்து. வீட்ல யாருக்கோ எப்பவோ எழுதிக் குடுத்த ஸ்டீராய்டு கிரீம் மிச்சம் இருக்கும், அதை எடுத்துப் பூசறது மட்டும் வேண்டவே வேண்டாம், பூஞ்சையா இருந்தா அது சாப்பாடு போட்ட மாதிரி வளரும்.

பிப், அதாவது ஜொள்ளு சட்டையில விழாம கழுத்துல கட்டற துணி, அதைப் பத்தி ரெண்டு வார்த்தை. நனைஞ்ச பிப்பு பிப்பே இல்லாததை விட மோசம், ஈரத்தை கழுத்தோடயும் நெஞ்சோடயும் ஒட்டி வைக்குது. எங்க வீட்ல ஒரு நாளைக்கு எட்டு பத்து ஓடும், முன்னாடி காட்டன், பின்னாடி ஈரம் இறங்காத ஒரு லேயர், இந்த மாதிரி இருந்தா உள்சட்டை தப்பிக்கும். பேசிஃபையர், அதாவது சப்பற ரப்பர் நிப்பிள் குடுக்கிறவங்க அதோட வளையத்துக்கு அடியில ஈரம் தங்கி வட்டமா செவக்கறதைப் பாத்திருப்பீங்க, நடுநடுவுல எடுத்துட்டு ஒத்தி விடணும். ஆனா எல்லாத்தையும் விட முக்கியம், தூங்கறப்போ பிப்பைக் கழட்டிடணும், கார் சீட்டுல உக்கார வச்சாலும் கழட்டிடணும், கழுத்துல மாட்டி இறுக்கிடும், மூஞ்சி மேல ஏறி மூச்சை அடைச்சிடும். ராத்திரி பெட்ஷீட் நனையுதேன்னு தலைக்கு அடியில துணியை மடிச்சு வைக்கறது, தலகாணி வைக்கறது, குழந்தையைக் குப்புறப் போடறது இதெல்லாமும் ஆகாது, மல்லாக்கப் படுக்க வைங்க, நனைஞ்சா நனையட்டும், காலைல மாத்திக்கலாம்.

அடுத்தது அந்த ஜெல். எட்டாவது மாசம் மெடிக்கல் ஷாப்ல போயி குழந்தைக்கு ஜொள்ளு வடியுதுன்னு சொன்னதும் அந்தப் பையன் திரும்பிக்கூடப் பாக்காம ஈறுல தடவற ஒரு ட்யூபை எடுத்து வச்சான். கண்ணாடியைப் போட்டு பின்னாடி படிச்சா மரத்துப் போற மருந்து. அமெரிக்காவோட மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்டிஏ 2018-ல பென்சோகைன் கலந்த இந்த மாதிரி ஜெல்லை 2 வயசுக்குக் கீழ உள்ள குழந்தைங்களுக்குப் போடவே கூடாதுன்னு சொல்லியிருக்கு, ரத்தத்துல ஆக்சிஜன் போற வழியையே அது கெடுத்துடலாம், உதடு நீலம் பாரிச்சுப் போகும், அபூர்வமா வரும் ஆனா வந்தா உயிருக்கே ஆபத்து. லிடோகைன்னு இன்னொண்ணு, அதுக்கு 2014-லயே எச்சரிக்கை குடுத்துட்டாங்க. நான் அதை விட சாதாரணமா யோசிச்சேன், இது எச்சில்ல கரைஞ்சு ரெண்டு நிமிஷத்துல வழிஞ்சு போயிடும், தொண்டைக்குள்ள போனா முழுங்கற இடமும் மரத்துப் போகும், ஏற்கனவே போக்கு சரியில்லாத தொட்டியில போக்கையே கட்டிப் போடறதா. கழுத்துல மணிமாலை போட்டா பல்லு வலி தெரியாதுன்னு விக்கறாங்களே அதுவும் அதே 2018-ல எச்சரிக்கை வாங்கின சாமான்தான், மாலை கழுத்தை இறுக்கும், மணி அறுந்தா தொண்டைக்குள்ள போகும். கையைக் கழுவிட்டு சுத்தமான விரலால ஈறை லேசா அழுத்தி விடுங்க, இல்ல ஃப்ரிட்ஜ்ல வச்சு சில்லுன்னு ஆன ரப்பர் வளையத்தைக் குடுங்க, ஃப்ரீசர்ல வச்சு கல்லா ஆனது வேண்டாம், உள்ள தண்ணி ரொப்பினதும் வேண்டாம்.

இப்போ இந்த லெட்டருக்குக் காரணமான விஷயத்துக்கு வர்றேன்.

பேரனுக்குப் பதினாலாவது மாசம். ஒரு மூணு மாசமா ஜொள்ளு குறைஞ்சுட்டே வந்துச்சு, திடீர்னு ஒரு நாள் காலைல இருந்து கொட்டுது, பிப்பு மாத்தி மாள முடியல. காய்ச்சல் 101. நான் ரொம்ப தெரிஞ்சவன் மாதிரி "கடவாய்ப் பல்லு வருது, அது பெரிய பல்லு, அப்படித்தான் இருக்கும்"னு சொல்லிட்டேன். மத்தியானம் பாட்டிலை வாங்கினான், ஒரு வாய் உறிஞ்சினான், வீல்னு கத்திட்டு தள்ளி விட்டான். பசி இருக்கு, பாட்டிலைப் பாத்தா கையை நீட்டறான், வாய்க்குப் போனா அழறான். சாயங்காலம் நாலு மணிக்கு வீட்டுக்காரம்மாதான் கேட்டா, காலைல மாத்தின டயாப்பர் இன்னும் அப்படியே காஞ்சு கிடக்கே, இவன் ஒண்ணுக்குப் போயி எவ்வளவு நேரம் ஆச்சுன்னு. அப்பத்தான் எனக்கு வயித்தைக் கலக்குச்சு. டாக்டரம்மா டார்ச் அடிச்சு ஒரு செகண்ட்தான் பாத்திருப்பாங்க, அண்ணத்துலயும் தொண்டைக்குப் பின்னாடியும் வெள்ளை வெள்ளையா சின்னச் சின்னப் புண்ணு, உள்ளங்கையைத் திருப்பினா செவப்புப் புள்ளி. கை கால் வாய் நோய்னு சொல்ற வைரஸ். வலியில எச்சிலைக்கூட முழுங்க முடியாம வெளிய விட்டுட்டு இருந்திருக்கான் பாவம், நான் அதைப் பல்லு கணக்குல எழுதிட்டேன்.

வைரஸுங்கறதால ஆன்டிபயாடிக் இல்ல. எடைக்குத் தகுந்த மாதிரி பாரசிட்டமால், வலி கொஞ்சம் குறைஞ்ச நேரம் பாத்து அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை ஸ்பூன்ல கொஞ்சம் கொஞ்சமா ஆறின பாலு, தண்ணி, ஓஆர்எஸ். ராத்திரி எட்டரைக்கு டயாப்பர் நனைஞ்சுது, சார் அந்த ஈர டயாப்பரைப் பாத்து நான் பட்ட சந்தோஷத்தை எழுத முடியாது. ஒரு வாரத்துல சரியாயிடுச்சு. அன்னைக்கு டாக்டரம்மா சொன்னதுதான் இந்த லெட்டரோட சாரமே, "ஐயா, ஜொள்ளு திடீர்னு கூடினா ஈறைத் தடவாதீங்க, முழுங்கறானான்னு பாருங்க."

முழுங்கறானா, அதை மட்டும் பாத்தாலே பாதி விஷயம் தெரிஞ்சுடும். பால் இறங்குதா, தண்ணி இறங்குதா, 6 மணி நேரத்துல இருந்து 8 மணி நேரத்துக்குள்ள ஒண்ணுக்குப் போனானா, அழுதா கண்ணுல தண்ணி வருதா, உச்சிக்குழி உள்வாங்கி இருக்கா. வெளிய ஜொள்ளு வழியுதேன்னு உடம்புல தண்ணி இருக்குன்னு நம்பிடக் கூடாது, வழியறது முழுங்க வேண்டிய தண்ணி.

இனிமே வர்றதைத்தான் வெட்டாதீங்கன்னு சொன்னேன். திடீர்னு ஜொள்ளு கொட்டி, கூடவே மூச்சு விட சிரமப்பட்டு, மூச்சை இழுக்கறப்போ கீச்சுன்னு சத்தம் வந்து, குரல் அமுங்கி, கழுத்தை முன்னாடி நீட்டி ரெண்டு கையையும் ஊனி உக்காந்துட்டு படுக்கவே மாட்டேன்னா அது தொண்டை உள்ள வீங்கி மூச்சுக்குழாய் வாசலை அடைக்கற கேஸா இருக்கலாம், உடனே ஆம்புலன்ஸ். வாயைத் திறந்து பாக்கறேன்னு ஸ்பூனால நாக்கை அமுக்காதீங்க, வலுக்கட்டாயமா படுக்க வைக்காதீங்க, எப்படி உக்காந்திருக்கோ அப்படியே மடியில வச்சுத் தூக்கிட்டுப் போங்க. ஹிப்ங்கற பாக்டீரியாவுக்கு எதிரான தடுப்பூசி வந்தப்புறம் இது ரொம்பக் குறைஞ்சிருச்சு, ஆனா தொண்டைக்குப் பின்னாடி சீழ் கட்டறது மாதிரி வேற காரணமும் இருக்கு, கழுத்தைத் திருப்ப மாட்டான், காய்ச்சல் இருக்கும், இதுக்கும் அதே ஓட்டம்தான்.

இன்னொண்ணு ரிமோட்ல, பொம்மையில, எடை பாக்கற மெஷின்ல இருக்கிற வட்ட பேட்டரி. நல்லா விளையாடிட்டு இருந்த குழந்தை திடீர்னு வாந்தி எடுக்குது, சாப்பிட மாட்டேங்குது, எச்சிலை முழுங்காம வடிய விடுது, நெஞ்சைப் பிடிச்சிட்டு அழுதுன்னா வீட்ல ஒரு பேட்டரி குறையுதான்னு பாருங்க. உணவுக்குழாயில சிக்கிட்டா 2 மணி நேரத்துக்குள்ள சதையை அரிச்சு புண்ணாக்கிடும், தானா வெளிய போயிடும்னு காத்திருக்கக் கூடாது, வாந்தி எடுக்க வைக்கவும் கூடாது, நேரா எக்ஸ்ரே இருக்கிற ஆஸ்பத்திரி. சந்தேகம்னாலும் போங்க, இல்லன்னு தெரிஞ்சா திரும்பி வந்து நிம்மதியா தூங்கலாம். அதே மாதிரி புதுசா எதையாவது சாப்பிட்ட உடனே உதடும் நாக்கும் வீங்கி தடிப்பு தடிப்பா வந்து ஜொள்ளு வடிஞ்சா அது அலர்ஜி, அதுக்கும் அதே ஓட்டம்தான். பூச்சி மருந்து, கிளீனர் மாதிரி எதையோ குடிச்சிருக்குமோன்னு தோணினா அந்தப் பாட்டிலையும் கையோட எடுத்துட்டுப் போங்க.

கொஞ்சம் வளந்த குழந்தைங்க விஷயம். ரெண்டு ரெண்டரை வயசாகியும் நாள் முழுக்க வடிஞ்சா முதல்ல மூக்கைப் பாக்கணும். மூக்குக்குப் பின்னாடி அடினாய்டு சதை வளந்திருந்தா குழந்தை வாயால மூச்சு விடும், திறந்த வாயி எப்படி எச்சிலைப் பிடிச்சு வைக்கும், ராத்திரி குறட்டை விடுதா, தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வருதான்னு கவனிங்க. வலிப்புக்குக் குடுக்கிற சில மாத்திரை, குளோனாசெபம், குளோபாசம் மாதிரி, எச்சிலைக் கூட்டும், அப்படி இருந்தா நம்மளா நிறுத்தாம எழுதிக் குடுத்த டாக்டர்கிட்ட சொல்லணும். நாலு வயசுக்கு மேலயும் நிக்கலன்னா கண்டிப்பா காட்டணும், அதுக்கு முன்னாடியே பேச்சும் லேட்டா வருது, மெல்லத் தெரியல, அடிக்கடி புரையேறுதுன்னா வயசு ஆகட்டும்னு காத்திருக்க வேண்டாம். ஸ்ட்ரா வச்சு உறிஞ்சறது, சோப்புக் குமிழி ஊதறது, மூக்கு வச்ச கப்பை விட்டுட்டு சாதா டம்ளர்ல குடிக்கிறது, கொஞ்சம் மென்னு சாப்பிடற மாதிரி குடுக்கறது, இதெல்லாம் உதட்டுக்கும் நாக்குக்கும் உடற்பயிற்சி, விளையாட்டு மாதிரி பண்ணலாம். "வாயை மூடு, எச்சிலைத் துடை"ன்னு நாலு பேரு முன்னாடி சத்தம் போடறதால எந்த நரம்பும் வேகமா வேலை செய்யப் போறதில்ல.

என் கூட வேலை பாத்தவரோட பேத்திக்கு ஏழு வயசு, பெருமூளை வாதம். நல்ல புத்திசாலி, கேரம்ல என்னை ஜெயிக்கும். எச்சில் வடியும். இவங்களுக்கு எச்சில் ஜாஸ்தியா ஊறறதில்ல சார், எல்லாருக்கும் ஊறற அளவுதான் ஊறுது, முழுங்கற தசைங்க சொன்னபடி கேக்கறதில்ல, முழுக்க முழுக்க போக்குப் பிரச்சனை. அந்தப் பொண்ணுக்கு முதல்ல சேரை மாத்தினாங்க, தாடை நெஞ்சுல இடிக்காம தலை நேரா நிக்கிற மாதிரி, அதுலயே கொஞ்சம் குறைஞ்சுது. ஏழு வயசுப் பொண்ணுக்கு கைக்குழந்தை பிப் கட்டினா யாருக்குத்தான் பிடிக்கும், அவங்கம்மா கழுத்துல ஸ்கார்ஃப் மாதிரி மூணு முனை வச்சு தச்சுக் குடுத்திருக்காங்க, பாத்தா ஃபேஷன்னுதான் தோணும், மணிக்கட்டுல டர்க்கி துணியில ஒரு பட்டை, அதுல அதுவே ஒத்திக்குது. மருந்தும் இருக்கு, கிளைகோபைரோலேட்னு ஒண்ணு எச்சிலைக் குறைக்கும், ஆனா மலச்சிக்கல் வரும், சளி கெட்டியாகும், ஒண்ணுக்கு நிக்கும், அளவைப் பாத்துப் பாத்துத்தான் ஏத்தறாங்க. சுரப்பியில போட்டாக்ஸ் ஊசி போடறதும் உண்டு, சில மாசத்துக்குத் தாங்கும், திரும்பப் போடணும், அறுவை சிகிச்சையும் இருக்கு அது கடைசிலதான். எதுலயும் வரத்தை ஒரேயடியா அடைக்க மாட்டாங்க, வாய் காஞ்சா பல்லு சொத்தையாகும். மருந்து இருக்குன்னே தெரியாம வெறும் டவலோட வருஷக்கணக்கா ஓட்டற வீடு நிறைய இருக்கும், உங்க பக்கத்துல இதுக்கு ஒரு வாரம் ஒதுக்கினா என்ன.

கேக்கறது மூணுதான். அந்த வரியை, பல்லுக்குக் காய்ச்சலும் பேதியும் சகஜம்ங்கற வரியை, தப்புன்னு ஒத்துக்கிட்டு திருத்தம் போடுங்க, மூலையில பொடி எழுத்துல இல்லாம கட்டுரை வந்த அதே இடத்துல போடுங்க. மூச்சுத் திணறல், பேட்டரி, முழுங்க மறுக்கறது இந்த மூணையும் தனியா ஒரு கட்டம் கட்டிப் போடுங்க, வெட்டி ஃப்ரிட்ஜ்ல ஒட்டிக்கறவங்க ஒட்டிக்குவாங்க, எங்க வீட்ல நான் ஒட்டுவேன்.

மூணாவது அந்தப் படம். கட்டுரைக்கு மேல அரைப் பக்கத்துக்கு அழகா ஒரு குழந்தை படம் போட்டிருந்தீங்களே, நல்லா தூங்கற குழந்தை, கடைவாயில ஒரு சொட்டு நிக்குது, எடுத்தவருக்கு நல்ல கை. அந்தத் தூங்கற குழந்தை கழுத்துல பிப்பு கட்டியிருக்கு சார். திருத்தம் போடறப்போ அந்தப் படத்தை மட்டும் திரும்பப் போட்டுடாதீங்க.

இப்படிக்கு,
பேரனைப் பாத்துக்கற ஒரு வாசகர்